எஃப்.சி. இருக்குது, வண்டி நல்லா இருக்குதா?

பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் முன் குழுவில் படிக்க வேண்டிய பாடம்



மண்பானை வாங்கப் போனால் நாம் என்ன செய்வோம்? விரலால் சுண்டித் தட்டிப் பார்ப்போம். 'ணங்' என்று சத்தம் வந்தால்தான் முந்தானையில் முடிந்த காசை அவிழ்ப்போம். கறவை மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், மடியைத் தொட்டுப் பார்ப்போம், ஒரு வேளை பாலைக் கறந்தும் பார்ப்போம். மாட்டுக் கடன் மனு வந்தால் குழுவில் ஆயிரம் கேள்வி கேட்கிறோம்.

ஆனால் பழைய வேன், பழைய கார் வாங்கக் கடன் மனு வந்தால் ஒரே ஒரு கேள்விதான். "எஃப்.சி. இருக்குதா?" "இருக்குது" என்று பதில் வந்தவுடன் தீர்மான நோட்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. இந்த மாதப் பாடம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

நம் பக்கத்தில் நடந்த கதை

திண்டிவனம் - மரக்காணம் சாலையை ஒட்டிய ஒரு ஊர். குழுவின் பெயரும் உறுப்பினர் பெயரும் இங்கே வேண்டாம். "எழுதுங்க மேடம், நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கட்டும், பேரு மட்டும் போடாதீங்க" என்று அந்தச் சகோதரியே சொல்லிவிட்டார்.

அவர் மரக்காணத்தில் கருவாடு வாங்கித் திண்டிவனம் சுற்று வட்டாரச் சந்தைகளில் விற்பவர். பஸ்ஸில் கருவாட்டுக் கூடையை ஏற்றினால் தினமும் சண்டை. ஆட்டோவுக்குக் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கணவருக்கு லைசென்ஸ் இருந்தது. 2024இல் ஒரு பழைய ஆம்னி வேன் விலைக்கு வந்தது. 2008 மாடல், வெள்ளை போர்டு. புதுசாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. தரையில் புது ரப்பர் மேட் போட்டிருந்தார்கள்.

"போன வருஷம்தான் எஃப்.சி. காட்டினாங்கக்கா. 2028 வரைக்கும் கவலையே இல்ல" என்றார் புரோக்கர். ஆர்.சி. புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. குழுவில் 80,000 ரூபாய் கடன் கொடுத்தார்கள். வண்டியை நேரில் போய்ப் பார்த்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. அந்த மனுவில் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டது நாங்களும்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஏழாவது மாதம், மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் 'மடார்' என்று சத்தம். நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தால் கருவாட்டுக் கூடை பாதி தரைக்குள் இறங்கி நிற்கிறது. மேட்டுக்கு அடியில் இருந்த தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. ஓட்டை வழியாகத் தார் ரோடு தெரிந்தது. பள்ளிக்கூடம் லீவு நாளில் அந்த இடத்தில்தான் அவருடைய ஒன்பது வயதுப் பெண் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அன்றைக்குக் காய்ச்சல் என்று பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள்.

தகரம் வெட்டி வெல்டிங் வைத்து, பிரேக்கும் சரி பார்த்து 27,000 ரூபாய் ஆனது. ஒரு மாதம் வியாபாரம் இல்லை. மூன்று தவணை நின்றது. மற்ற உறுப்பினர்கள் கைக்காசு போட்டு வங்கித் தவணையைக் கட்டினார்கள். குழுவில் பேச்சு தடித்தது. "எஃப்.சி. இருக்குன்னு சொன்னியே?" என்று ஒருவர் கேட்க, "கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்று இவர் கேட்க, பத்து வருடமாக ஒற்றுமையாக இருந்த குழு உடைகிற நிலைக்குப் போனது.

அந்த எஃப்.சி. போலியா என்று விசாரித்தோம். போலி இல்லை, உண்மையான சான்றுதான். அப்படியானால் தவறு எங்கே?

எஃப்.சி. என்றால் என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம். அதைத்தான் எஃப்.சி. என்கிறோம். புது வண்டிக்கு முதல் 2 ஆண்டுக்குச் சான்று கிடைக்கும். பிறகு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 8 ஆண்டு தாண்டினால் வருடா வருடமும் வண்டியைக் காட்ட வேண்டும்.

வெள்ளை போர்டு சொந்த வண்டிக்குக் கணக்கு வேறு. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு வரை ஆர்.சி. செல்லும். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு கிடைக்கும். இதையும் ஊரில் எஃப்.சி. என்றே சொல்கிறார்கள். நம் சகோதரியின் வேனுக்கு 2023இல் நடந்தது இதுதான்.

இரண்டிலும் மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நாம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்பவர், வண்டியைப் பார்க்கிறார். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதற்கு அலுவலகங்கள் உள்ளன. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹாரன், வைப்பர், கண்ணாடி, சைலன்சர், புகை, மீட்டர் இவற்றைப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

ஏன் அதை மட்டும் நம்பக் கூடாது?

முதல் காரணம், எஃப்.சி. ஒரு நாளின் கணக்கு. காட்டிய அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்று அது சொல்கிறது. காய்ச்சல் இல்லை என்று டாக்டர் இன்று சொன்னால், அடுத்த ஐந்து வருடமும் காய்ச்சல் வராது என்று அர்த்தமா? 2023இல் லேசாக இருந்த துரு, உப்புக் காற்றிலும் மீன் தண்ணீரிலும் ஒரு வருடத்தில் தகரத்தையே தின்றுவிடும்.

இரண்டாவது, காட்டுவதற்காகவே வண்டியைத் தயார் செய்கிறார்கள். இது நமக்கும் தெரிந்ததுதான். நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள், பல்பு மாற்றுவார்கள், துருவின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பார்கள். சான்று கைக்கு வந்ததும் இரவல் டயர் சொந்தக்காரருக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது, ஒரு காலை நேரத்தில் பல வண்டிகளைக் கண்ணால் பார்த்து முடிக்க வேண்டியிருக்கும்போது, மேட்டைத் தூக்கி, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க நேரம் போதாமல் போகலாம். இதற்காகத்தான் இயந்திரத்தால் சோதிக்கும் தானியங்கி சோதனை நிலையங்களுக்கு 2021இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது.

நான்காவது, எஃப்.சி. பாதுகாப்புக்கான சோதனை. இன்ஜின் இன்னும் எத்தனை நாள் உழைக்கும், கிளட்ச் தேய்ந்துவிட்டதா, கியர் பாக்ஸ் எப்படி என்று அது சொல்லாது. நம் தவணைப் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் இவைதான்.

இங்கே ஒரு துயரத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று சென்னை தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தில் போன 2ஆம் வகுப்புச் சிறுமி, இருக்கைக்குக் கீழே தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அது எஃப்.சி. பெற்றிருந்த பேருந்து. இவ்வளவு பெரிய ஓட்டை எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தமிழ்நாடே கேட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும் முன் பேருந்துகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்களே, அதற்குப் பின்னால் அந்தக் குழந்தையின் உயிர் இருக்கிறது.

வெளிநாட்டையும் ஒரு வரி பார்ப்போம். பிரிட்டனில் 1960இல் இந்தச் சோதனை தொடங்கியபோது 10 ஆண்டு பழைய வண்டிகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது கார் வாங்கி 3 ஆண்டு முடிந்ததுமே வருடா வருடம் காட்ட வேண்டும். அங்கேயும் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் அந்தச் சோதனையில் வராது. நம் ஊரில் வெள்ளை போர்டு வண்டிக்கு 15 ஆண்டு கழித்து ஒரு முறை, பிறகு 5 ஆண்டு கழித்து அடுத்த முறை. நடுவில் உள்ள வருடங்களில் அந்த வண்டியைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

நாமே பார்க்கக் கூடியவை

"நமக்கு வண்டியைப் பத்தி என்னா தெரியும்?" என்று பின்வாங்க வேண்டாம். பானையைத் தட்டத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள்.

துரு: பழைய வண்டியின் முதல் எதிரி இதுதான். மரக்காணம், கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டி, மீன், உப்பு ஏற்றிய வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். கூச்சப்படாமல் மேட்டைத் தூக்கச் சொல்லுங்கள். "ஒட்டி வெச்சிருக்குதுக்கா, எடுக்க முடியாது" என்று சொன்னால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. தரை, கதவுக்குக் கீழ்ப்பகுதி, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றை விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல தகரம் 'டங்' என்று சொல்லும். துருப்பிடித்த தகரம் மொத்தையாகச் சத்தம் போடும், அழுத்தினால் உள்ளே போகும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். தகரத்தில் ஒட்டும் காந்தம், கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாமல் வழுக்கும். முடிந்தால் சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

பிரேக்: வண்டி நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து முப்பது வரை எண்ணச் சொல்லுங்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பிரேக் ஆயில் எங்கோ கசிகிறது. முதல் மிதியில் பிடிக்காமல் இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றாலும் கோளாறுதான். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டால் வண்டி நகரக் கூடாது.

ஸ்டியரிங், டயர்: ஸ்டியரிங்கை லேசாக ஆட்டினால் சக்கரம் உடனே அசைய வேண்டும். வெறும் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. சுவர்க் கடிகாரத்தில் 12 மணியிலிருந்து 1 மணி வரை உள்ள இடைவெளிதான் அந்த 30 டிகிரி. கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயர் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் அடியில் வேறு கோளாறு இருக்கிறது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் பழைய டயர் வெடித்துவிடும், ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

புகை: விடியற்காலையில் போய், ஆறிய இன்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் குறை தெரியாது. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் வீணாகிறது. வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது.

கேஸ்: ஆம்னி வேன்களில் பலர் கேஸ் கிட் மாட்டியிருப்பார்கள். அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். டேங்கை 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதித்திருக்க வேண்டும். வீட்டுச் சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டிய வண்டி என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். அது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

காகிதத்தையும் பாருங்கள்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி. அல்லது பதிவு முடியும் தேதி, இன்சூரன்ஸ், பைனான்ஸ் பாக்கி எல்லாம் தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் பி.ஒய். நம்பர் வண்டிகள் மலிவாக வரும். இங்கேயே வைத்து ஓட்ட வேண்டுமானால் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டிப் பதிவை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால்தான் உண்மையான விலை.

வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம். சீட்டைக் கழற்றிச் சரக்கு ஏற்றுவதும் ஆர்.சி.க்கு மாறானது. நம் சகோதரியின் வேனிலும் பின் சீட்டைக் கழற்றியிருந்தார்கள், அதை அப்போது நாங்களும் கவனிக்கவில்லை. தொழிலுக்கு வண்டி வேண்டுமானால் அந்தத் தொழிலுக்குப் பதிவான வண்டியையே வாங்குங்கள்.

அடுத்த புதுப்பித்தல் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். காட்டுவதற்கு முன் செய்யும் ரிப்பேர் செலவு தனி.

குழு போட வேண்டிய தீர்மானம்

கருவாட்டுச் சகோதரியின் குழு, சண்டை ஓய்ந்த பிறகு ஒரு சிறப்புக் கூட்டம் போட்டது. தவணைக் காலத்தை நீட்டித்தார்கள். அதோடு பழைய வண்டிக் கடனுக்கு ஐந்து நிபந்தனை எழுதினார்கள். உங்கள் தீர்மான நோட்டிலும் எழுதிக்கொள்ளலாம்.

1. கடன் கேட்பவர் தவிர இரண்டு உறுப்பினர்கள் பகலில் வண்டியை நேரில் பார்க்க வேண்டும்.

2. புரோக்கர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். நமக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். குறைகளை ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும்.

3. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, பைனான்ஸ் பாக்கி எல்லாவற்றையும் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்.

4. கேட்ட கடன் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுக்கக் கூடாது. ரிப்பேருக்கென்று ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும்.

5. வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.சி. பெயர் மாற்ற விண்ணப்பித்து, அந்த ரசீதைக் குழுவில் காட்ட வேண்டும். இன்சூரன்ஸையும் உடனே பெயர் மாற்ற வேண்டும்.

இவை கடன் கேட்பவரைச் சந்தேகப்படுவதற்காகப் போட்டவை அல்ல. மெக்கானிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறையும் விலை பேசும்போது நம் பக்கம் பேசும். "தரை துருப்பிடிச்சிருக்குது, பத்தாயிரம் குறைங்க" என்று கேட்க முடியும். குறை பெரிதாக இருந்தால் திரும்பி வரவும் தைரியம் வரும்.

அந்த வேன் இப்போதும் ஓடுகிறது. கருவாட்டுக் கூடையின் கீழே பிளாஸ்டிக் தொட்டி வைக்கிறார்கள். சந்தை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு முறை மேட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள். பின் சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்கள், பெண் அதில்தான் உட்காருகிறாள். நீட்டித்த தவணை இன்னும் முடியவில்லை. "எஃப்.சி. தேதிய பாத்தேன், தரைய பாக்கலியே மேடம்" என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் இதுவரை எத்தனை பேர் பழைய வண்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள்? ரிப்பேருக்கு எவ்வளவு செலவானது?

2. நம் பிள்ளைகள் போகும் வேன், ஆட்டோவின் தரையையும் கதவையும் நாம் எப்போதாவது பார்த்திருக்கிறோமா?

3. நம் ஊரில் நம்பிக்கையான மெக்கானிக் யார்? வண்டி பார்க்க அவருக்கு எவ்வளவு கூலி கொடுக்கலாம்?

அடுத்த கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும். வாசித்து முடித்ததும், வீட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் அன்றைக்கே போய் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள்.